3584 பெரிதா, 3072 பெரிதா? கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடுவது எப்படி

அக்கா மகன் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தான். நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, வலப்பக்கம் ஆர்டிஎக்ஸ் 4060 என்று எழுதியிருந்தான். இரண்டும் கணினித் திரையில் தெரியும் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டுகள். கோர்: 3584, 3072. மெமரி: 12 ஜிபி, 8 ஜிபி. மெமரி பஸ்: 192 பிட், 128 பிட். பேண்ட்விட்த்: நொடிக்கு 360 ஜிபி, 272 ஜிபி.

“மாமா, பழைய கார்டுதான் எல்லாத்துலயும் ஜாஸ்தியா இருக்கு. அப்புறம் ஏன் 4060தான் வேகம்னு எல்லாரும் சொல்றாங்க?”

நியாயமான கேள்வி. தாளில் ஓர் எண்கூடத் தப்பில்லை. 3060 வந்தது 2021 பிப்ரவரியில், அறிமுக விலை 329 டாலர். 4060 வந்தது 2023 ஜூனில், 299 டாலர். 1080பி திரையில் பெரும்பாலான விளையாட்டுகளில் 4060 சுமார் 15 முதல் 20 சதவீதம் முன்னால் ஓடுகிறது. தாளும் உண்மை, ஓட்டமும் உண்மை. இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று பிடிபட்டுவிட்டால், வேறு எந்த இரண்டு கார்டையும் நீங்களே எடைபோட முடியும். அதனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டே பேசுவோம்.

கல்யாணச் சமையற்கட்டு

1080பி திரையில் தெரியும் ஒரு படத்தில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எவ்வளவு ஒளி, எங்கே நிழல் என்று கணக்குப் போட வேண்டும். ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் பக்கத்துப் புள்ளியின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே வேலையை ஆயிரக்கணக்கான பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். கணினியின் பிராசசரில் எந்த வேலையும் தெரிந்த கெட்டிக்காரர்கள் ஆறு பேரோ எட்டுப் பேரோ இருப்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பது ஒரே மாதிரி வேலையைச் சலிக்காமல் செய்யும் பெருங்கூட்டம்.

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க உட்கார்ந்திருப்பவர்கள்தான் கோர்கள். அவர்களுடைய கைவேகம் கிளாக். சாமான் அடுக்கியிருக்கும் உக்கிராண அறை, கார்டின் மெமரி. அந்த அறையின் வாசல் எவ்வளவு அகலம், சாமான் தூக்கி வருபவர்களின் நடை எவ்வளவு வேகம், இரண்டும் சேர்ந்தது பேண்ட்விட்த். அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி, கேஷ் மெமரி. நறுக்க நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் வாசல் குறுகலாக இருந்தால் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஆட்களை மட்டும் எண்ணிப் பார்த்து எந்தச் சமையற்கட்டையும் மதிப்பிட முடியாது.

அக்கா மகன் தாளில் எழுதாமல் விட்டது கைவேகத்தை. 3060இன் உச்ச கிளாக் 1777 மெகாஹெர்ட்ஸ். 4060க்கு 2460. ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்யும், அதாவது இரண்டு கணக்கு. 3584 கோர், துடிப்புக்கு 2 கணக்கு, நொடிக்கு 177.7 கோடி துடிப்பு என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 12.7 லட்சம் கோடி கணக்கு வரும். இதைத்தான் 12.7 டெராஃப்ளாப்ஸ் என்கிறார்கள். 4060க்கு இதே பெருக்கலைப் போட்டால் 15.1 வருகிறது. ஆள் குறைவு, கை வேகம், மொத்த வேலை அதிகம்.

கை எப்படி இவ்வளவு வேகமானது? சிப்பை அச்சிடும் முறை மாறியதுதான் முக்கியக் காரணம். 3060இன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் வந்தது. 4060இன் சிப் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில், 5 நானோமீட்டர் வகையைச் சேர்ந்த முறையில் தயாரானது. சிப்பில் இருக்கும் நுண்ணிய மின் சுவிட்சான டிரான்சிஸ்டர் சிறியதாகும்போது அதே மின்சாரத்தில் அதிக வேகம் கிடைக்கிறது. மின் அளவைப் பார்த்தாலே இது தெரியும்: 3060க்கு 170 வாட், 4060க்கு 115 வாட். எனக்கு இந்தத் தலைமுறையில் மிகவும் பிடித்த முன்னேற்றம் இதுதான். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்கு 55 வாட் குறைந்த வெப்பம் என்பது தாளில் படிக்கிற எண் மட்டுமல்ல, உடம்பில் உணர்கிற வித்தியாசம்.

கோர் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருள் தராது

சரி, டெராஃப்ளாப்ஸ் அதிகமாக இருப்பதுதான் வேகமான கார்டா? அப்படித்தான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். இந்த நம்பிக்கையை உடைக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ கார்டில் 4352 கோர்கள், சுமார் 13.4 டெராஃப்ளாப்ஸ். 2020 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3070இல் 5888 கோர்கள், 20.3 டெராஃப்ளாப்ஸ். தாளின்படி புதியது ஒன்றரை மடங்கு வேகம். ஆனால் விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன.

காரணம் கோரின் அமைப்பில் இருக்கிறது. கார்டு செய்யும் கணக்குகள் இரண்டு வகை. ஒன்று தசமப் புள்ளி எண்களின் கணக்கு, நிறமும் ஒளியும் இதில் அடங்கும். மற்றது முழு எண்களின் கணக்கு, மெமரியில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று தேடுவது போன்றது. 2080 டிஐயின் குடும்பத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள். கோர் என்று எண்ணப்பட்டவர்கள் தசமக் கணக்குக்காரர்கள் மட்டும். முழு எண் ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள், கணக்கில் வரவில்லை. அடுத்த குடும்பத்தில் என்விடியா அந்த முழு எண் ஆட்களுக்கும் தசமக் கணக்கு செய்யக் கற்றுக்கொடுத்தது. உடனே அவர்களும் கோர் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆனால் முழு எண் வேலை வரும்போது இவர்கள் அதற்குப் போய்த்தான் ஆக வேண்டும். அந்த வேலை ஒன்றும் குறைவில்லை: விளையாட்டுகளில் 100 தசமக் கணக்குக்குச் சராசரியாக 36 முழு எண் கணக்கு வருகிறது என்று 2018இல் என்விடியாவே சொன்னது. ஆக, தாளில் கூடிய ஆட்கள் எல்லாரும் எப்போதும் நறுக்கும் வேலையில் இருப்பதில்லை.

நிறுவனமே மாறும்போது இந்தப் பொருத்தமின்மை இன்னும் பெரிதாகிவிடும். என்விடியாவுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6600இல் 1792 கோர்கள். 3060இன் 3584இல் சரியாகப் பாதி. ஆனால் 1080பி விளையாட்டுகளில் 6600 சில சதவீதம்தான் பின்தங்குகிறது. கோர்களை வைத்து முடிவெடுப்பவர் அதைப் பாதி வேகக் கார்டு என்று ஒதுக்கிவிடுவார்.

அதனால் நான் கடைப்பிடிக்கும் வழி இது: கோரையும் டெராஃப்ளாப்ஸையும் ஒரே குடும்பத்துக்குள் மட்டும் ஒப்பிடுகிறேன். 4060ஐ 4060 டிஐயோடும் 4070ஓடும் வைத்துப் பார்க்கலாம். 3072, 4352, 5888 என்று ஏறும் வரிசைக்கு அங்கே பொருள் உண்டு. குடும்பம் மாறிவிட்டால் அந்த எண்களுக்குப் பேச்சே இல்லை. பெயரிலிருந்தே குடும்பம் தெரியும். என்விடியாவின் 4060 என்பதில் 40 தலைமுறை, 60 அந்தத் தலைமுறைக்குள் கார்டு நிற்கும் படி.

வாசலின் அகலம்

பேண்ட்விட்த் கணக்கு எளிது. மெமரி பஸ்தான் அந்த வாசல், அதன் அகலத்தை எட்டால் வகுத்து, மெமரியின் வேகத்தால் பெருக்க வேண்டும். 3060க்கு 192ஐ எட்டால் வகுத்தால் 24, மெமரி வேகம் 15 கிகாபிட், ஆக நொடிக்கு 360 ஜிபி. 4060க்கு 16ஐ 17ஆல் பெருக்க 272 ஜிபி. வாசல் குறுகிவிட்டது, தூக்குகிறவர்களின் நடை கொஞ்சம் கூடியிருக்கிறது.

ஆனாலும் 4060 தடுமாறாமல் ஓடுவதற்குக் காரணம் அஞ்சறைப்பெட்டி. 3060இன் இரண்டாம் நிலை கேஷ் 3 எம்பி. 4060இல் அது 24 எம்பி, எட்டு மடங்கு. அடிக்கடி தேவைப்படுவது கையருகிலேயே கிடைக்கும்போது உக்கிராண அறைக்குப் போகும் நடையே குறைகிறது. ஏஎம்டி இதே யோசனையை முன்பே செய்து காட்டியது. 6600இன் பேண்ட்விட்த் 224 ஜிபிதான், ஆனால் சிப்பிலேயே 32 எம்பி பெரிய கேஷ் இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. திரையின் அளவை 1440பி, 4கே என்று ஏற்றினால் ஒரு படத்துக்கு வேண்டிய சாமான் பெருகும். அஞ்சறைப்பெட்டி அதே அளவில்தான் இருக்கும். மறுபடி வாசலுக்கு ஓட வேண்டியிருக்கும், 4060இன் முன்னிலை அங்கே சுருங்கும். ஒரு கார்டு 1080பியில் எப்படி ஓடியது என்பதை வைத்து 4கேயில் எப்படி ஓடும் என்று சொல்ல முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெமரியின் வகையையும் பார்த்துவிட வேண்டும். ஜிடி 1030 என்ற மலிவுக் கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது, பேண்ட்விட்த் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே 384 கோர்களோடு, சாதாரண டிடிஆர்4 மெமரி வைத்த ஒன்று வந்தது. அதற்கு 16.8 ஜிபி. பல விளையாட்டுகளில் வேகம் பாதியாகிவிட்டது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் மட்டும் ஒன்றே. குறைந்த காசைச் சேர்த்து வாங்குகிறவர்கள்தான் அந்தக் கார்டை எடுப்பார்கள், அவர்களுக்கு இப்படி நடந்தது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

உக்கிராண அறை நிரம்பிவிட்டால்

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டக்கூடியவை. ஆள் குறைந்தால் கைவேகம், வாசல் குறுகினால் அஞ்சறைப்பெட்டி. மெமரியின் கொள்ளளவை மட்டும் எதுவும் ஈடுகட்டாது. 8 ஜிபி என்பது எந்தக் குடும்பத்துக் கார்டிலும் கிட்டத்தட்ட அதே 8 ஜிபிதான். அந்த வகையில், குடும்பம் தாண்டி நேராக ஒப்பிடக்கூடிய எண் இது.

அறை நிரம்பினால் என்ன ஆகும்? மீதிச் சாமானுக்குப் பக்கத்துத் தெருக் கடைக்கு ஓட வேண்டும். அந்தக் கடை, மதர்போர்டில் இருக்கும் சாதாரண ராம். போகும் வழி, மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட். 4060க்கு அந்த வழி எட்டுத் தடம்தான், ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி. கார்டுக்குள் 272 ஜிபி வேகத்தில் வந்துகொண்டிருந்தது திடீரென்று 16க்கு இறங்கினால் படம் தத்தித் தத்தி வரும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ உள்ள பழைய மதர்போர்டாக இருந்தால் அதிலும் பாதி.

இதை வேறு குழப்பம் இல்லாமல் காட்டும் ஒரு ஜோடி இருக்கிறது. 2023இல் 4060 டிஐ இரண்டு அளவில் வந்தது: 8 ஜிபி 399 டாலர், 16 ஜிபி 499 டாலர். சிப் ஒன்று, 4352 கோர் ஒன்று, 288 ஜிபி பேண்ட்விட்த் ஒன்று. 8 ஜிபிக்குள் அடங்கும் விளையாட்டில் இரண்டும் ஒரே வேகம், அதிகம் கொடுத்த 100 டாலருக்குப் பலன் எதுவும் தெரியாது. அடங்காத விளையாட்டில், டெக்ஸ்சர், அதாவது பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படங்களின் தரத்தை உச்சத்தில் வைத்தால், சிறியது திணறும், அல்லது சில பரப்புகளை மங்கலாகவே காட்டும். பெரியது அமைதியாக ஓடும். மெமரி அதிகமாவதால் கார்டுக்கு வேகம் கூடுவதில்லை. போதாமல் போனால்தான் வேகம் விழும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் மெதுவான சிப்பின் மேல் நிறைய ஜிபி ஏற்றிய கார்டைப் பார்த்து மயங்குகிறார்கள்.

ஓட்டிப் பார்த்த எண்கள்

தாளில் உள்ள எண்கள் கார்டு எப்படிப்பட்டது என்று சொல்லும். எவ்வளவு ஓடும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இணையத்தில் சோதனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே பிராசசர், ஒரே விளையாட்டு, ஒரே காட்சி, ஒரே திரை அளவு, ஒரே தர அமைப்பு என்று வைத்து இரண்டு கார்டையும் ஓட்டியிருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். ஒருவர் வீட்டில் எடுத்த எண்ணை இன்னொருவர் வீட்டில் எடுத்த எண்ணோடு சேர்த்துவைத்தால் அது கார்டுகளின் ஒப்பீடு ஆகாது.

சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம், எல்லாரும் பார்ப்பதுதான். அதன் பக்கத்தில் “1 சதவீத லோ” என்று ஒன்று போட்டிருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது அதை. மிக மெதுவாக வந்த 1 சதவீதப் படங்களை வைத்துப் போடும் கணக்கு இது. இரண்டு கார்டுக்கும் சராசரி 80 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு இந்த எண் 62, இன்னொன்றுக்கு 28. முதலாவது வழுவழுவென்று ஓடும். இரண்டாவதில் சண்டைக் காட்சியில் சரியாகச் சுடப்போகும் நேரத்தில் திரை ஒரு கணம் உறையும். மெமரி போதாத கார்டுகள் பல நேரம் சராசரியில் தப்பித்துவிடும், இங்கேதான் பிடிபடும்.

பிராசசரும் கணக்கில் உண்டு. பழைய பிராசசரோடு பெரிய கார்டைப் போட்டால், இலை போடுகிறவர் மெதுவாக இருக்கும் பந்தி மாதிரி, சமையற்கட்டு எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்: விளையாட்டின் திரை அளவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் தடை. ஏறாமல் அங்கேயே நின்றால் பிராசசர்தான் தடையாக இருக்க வாய்ப்பு அதிகம், புதுக் கார்டுக்குச் செலவழிக்கும் முன் அதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 4090இன் செயல்திறனைத் தரும் என்று மேடையில் சொன்னார். 4090 வந்தபோது 1599 டாலர். அதில் 16384 கோர், 24 ஜிபி மெமரி. 5070இல் 6144 கோர், 12 ஜிபி. எப்படிச் சமமாகும்? 5070 தான் வரைந்த ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மூன்று படங்கள் வரை ஊகித்துச் செருகும். அவற்றையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தச் சமன். செருகிய படங்களால் அசைவு வழுவழுப்பாகத் தெரியும், அது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்குப் பதில் தருவது உண்மையாக வரைந்த படங்கள் மட்டுமே. கையில் உணரும் வேகம் கூடுவதில்லை. இதே போல டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்ற பெயர்களில் சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கும் வித்தையும் உண்டு. 1080பி திரையில் “குவாலிட்டி” அமைப்பில் உள்ளே வரையப்படுவது 720பி படம்தான். பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். இரண்டு கார்டுகளை ஒப்பிடும்போது மட்டும் இரண்டிலும் அவற்றை அணைத்துவிட்டு எடுத்த எண்ணைத் தேடுங்கள்.

லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அதே பெயர் வேறு பொருள். டெஸ்க்டாப் 4090இன் 16384 கோருக்கு எதிரே லேப்டாப் 4090இல் 9728தான். 4060இல் கோர் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் லேப்டாப் தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். எத்தனை வாட் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் பேசி முடித்தபோது அக்கா மகன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டான். நான் கேட்டது ஒன்றுதான்: “எதுக்குடா உனக்குக் கார்டு?” 1080பியில் விளையாட வேண்டும், கல்லூரி புராஜெக்ட்டுக்காக 700 கோடி அளவுருக்கள் (உள்ளே சேமித்திருக்கும் எண்கள்) கொண்ட ஒரு மொழி மாதிரியை, அதாவது கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவை, வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். ஓர் அளவுருவுக்கு 2 பைட் என்றால் 14 ஜிபி, இரண்டு கார்டிலும் நுழையாது. 1 பைட்டாகச் சுருக்கினால் 7 ஜிபி. அதற்கு மேல் உரையாடலை நினைவில் வைக்க இடம், திரைக்கு இடம். 8 ஜிபியில் மூச்சு முட்டும், 12இல் நிம்மதியாக இருக்கும். விளையாட்டில் 15 சதவீதம் போனால் போகட்டும் என்று அவனே 3060ஐ வட்டமிட்டான்.

கிளம்பும்போது ஒன்றைச் சேர்த்து எழுதச் சொன்னேன். 3060இலும் அதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்று உண்டு, அதன் பஸ் 128 பிட், பேண்ட்விட்த் 240 ஜிபி. சென்னை ரிச்சி தெருக் கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் பில் போடுவதற்கு முன்னால் 12 ஜிபி, 192 பிட் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்துவிடு என்றேன். தாளின் மேல் ஓரத்தில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டுக்கொண்டான்.